வேலை போச்சு, பசங்களுக்கு ஸ்கூல் லஞ்ச் ஃபார்ம் போடலாமா? (டெக்சாஸ்)

புதினாத்துவையல் (டல்லாஸ் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிக்கறதோட சரி, இப்பதான் முதல்முறை எழுதறேன். வீட்டுக்காரருக்கு ஆகஸ்ட்ல லே ஆஃப். ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டு ரெண்டு பேர்கிட்டயும் இஏடி (வேலை பாக்கற அனுமதி அட்டை) இருக்கறதால ஸ்டேட்டஸ் கவலை இல்ல, பணக் கவலைதான். நான் ஒரு டே கேர்ல வேலை பாக்கறேன். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 1,150 டாலர், பிடித்தமெல்லாம் போக கைக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவா வருது. அவருக்கு அன்எம்ப்ளாய்மென்ட் வாரம் 500. பெரியவன் ஏழாவது, சின்னவ மூணாவது.

ஸ்கூல்லேர்ந்து ஃப்ரீ / ரெட்யூஸ்டு லஞ்ச் அப்ளிகேஷன்னு ஒரு மெயில் வந்திருக்கு. எங்களுக்கெல்லாம் இது கிடைக்குமா? போன வருஷ டாக்ஸ் ரிட்டர்ன்ல அவரோட முழுச் சம்பளம் இருக்கே, அதைப் பாத்துட்டு தள்ளிடுவாங்களா? ஊர்ல மாமியாருக்கு மாசாமாசம் 300 டாலர் அனுப்பறோம், அதைக் கழிச்சுக் காட்டலாமா? எல்லாத்துக்கும் மேல, கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கும்போது கவர்மென்ட் உதவி வாங்கினா வம்பாயிடும்னு இங்க ஒரு தோழி பயமுறுத்தறாங்க.

இன்னொண்ணு. "கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுமா?"ன்னு பெரியவன் கேக்கறான். அவனுக்கு என்ன சொல்றதுன்னும் தெரியல.

ரோமிங்_ராமசாமி

போடுங்க. அதுக்குத்தான் வெச்சிருக்கான்.

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

சகோதரி, முதல்ல டாக்ஸ் ரிட்டர்னை மறந்துடுங்க. இந்த ஃபார்ம் கேக்கறது இன்னைய வருமானத்தை. போன வருஷம் அவர் எவ்வளவு வாங்கியிருந்தாலும் இப்ப அது வரல, அவ்வளவுதான்.

ரெண்டாவது, கைக்கு வர்ற தொகையை எழுதாதீங்க. க்ராஸ் எழுதணும், அதாவது வரி, இன்ஷூரன்ஸ், 401கே (ரிடையர்மென்ட் சேமிப்பு) எதுவும் பிடிக்கறதுக்கு முன்னாடி உள்ள தொகை. நம்மாளுங்க நிறையப் பேர் பேங்க்ல விழற தொகையை எழுதிட்டு, அப்புறம் பே ஸ்டப் (சம்பள ரசீது) கேக்கும்போது முழிக்கறாங்க. மாமியாருக்கு அனுப்பறதும் கழியாது. வீட்டு வாடகை, கார் டியூ, ஊர்ல இருக்கற லோன் இஎம்ஐ எதுவும் கழியாது.

இப்ப உங்க கணக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கான்னா வருஷத்துக்கு 26 சம்பளம்: 1,150 × 26 = 29,900. வாராவாரம் வர்றதுக்கு 52: 500 × 52 = 26,000. ஆக மொத்தம் 55,900.

2025-26 கல்வியாண்டுக்கு நாலு பேர் குடும்பத்துக்கு ஃப்ரீ லஞ்ச் வரம்பு வருஷம் 41,795 டாலர், ரெட்யூஸ்டு வரம்பு 59,478. வறுமைக்கோட்டுத் தொகையில 130 சதவீதம், 185 சதவீதம்னு வெச்ச கணக்கு இது, வருஷாவருஷம் ஜூலை 1ல மாறும். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் தனி அட்டவணை. அதனால இன்னைக்கு நிலவரப்படி உங்களுக்கு ரெட்யூஸ்டு. லஞ்சுக்கு 40 சென்ட், காலைச் சாப்பாட்டுக்கு 30 சென்ட், இதுக்கு மேல ஸ்கூல் வாங்கக் கூடாது.

முக்கியமானது இதுதான்: டெக்சாஸ்ல அன்எம்ப்ளாய்மென்ட் அதிகபட்சம் 26 வாரம். அது நின்ன மறுநாளே திரும்ப ஒரு அப்ளிகேஷன் போடுங்க. உங்க சம்பளம் மட்டும்னா 29,900, நேரா ஃப்ரீக்குள்ள வந்துடுவீங்க. செப்டம்பர்லதான் போடணும்னு எதுவும் இல்ல, ஸ்கூல் நடக்கற எந்த நாளும் போடலாம்.

புதினாத்துவையல்

ரொம்ப நன்றி அண்ணா. 26ஆல பெருக்கறதா 24ஆல பெருக்கறதான்னே குழம்பிட்டு இருந்தேன். அவருக்கு வேலை கிடைச்சா உடனே போய்ச் சொல்லணுமா?

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

24 வந்து மாசம் ரெண்டு தடவைன்னு 15ஆம் தேதி, 30ஆம் தேதி சம்பளம் போடறவங்களுக்கு. உங்களுக்கு 26. நீங்க பெருக்கியே எழுதணும்னுகூட இல்ல. தொகையை எழுதி, பக்கத்துல எத்தனை நாளுக்கு ஒருக்கான்னு குறிச்சா ஆபீஸ்ல போட்டுக்குவாங்க.

வேலை கிடைச்சா சொல்ல வேண்டாம். ஒருதடவை அப்ரூவ் ஆனா அந்தக் கல்வியாண்டு முழுக்க செல்லும். அடுத்த வருஷமும் ஸ்கூல் தொறந்து 30 பள்ளி நாள் வரைக்கும் பழையது ஓடும். அதுக்குள்ள புதுசு போடலைன்னா முழு விலை விழ ஆரம்பிச்சிடும். அங்கதான் பலர் கோட்டை விடறாங்க.

நேர்மையாளன்

யாரையும் புண்படுத்தச் சொல்லல. ஆனா எனக்கு இது உறுத்துது. பல வருஷம் ஐடி சம்பளம் வாங்கி, இங்க ஒரு வீடு, கோயம்புத்தூர்ல ஒரு ஃபிளாட், பேங்க்ல சேமிப்புன்னு இருக்கறவங்க நாலு மாசம் வேலை இல்லைன்னதும் ஏழைப் பிள்ளைங்களுக்கு வெச்ச சாப்பாட்டுல கை வைக்கலாமா? உண்மையிலேயே இல்லாதவன் நிக்கற வரிசை அது.

ரோமிங்_ராமசாமி

வந்துட்டாருய்யா. ஃபிளாட் இருக்குன்னு அவங்க சொன்னாங்களா?

கேஃபடீரியா அக்கா (இல்லினாய்)

நேர்மையாளன் தம்பி, நான் ஒரு ஸ்கூல் கிச்சன்ல வேலை பாக்கறவ. அந்த வரிசையைத் தினம் பாக்கறேன். அதுல யாரும் யாரோட இடத்தையும் பிடிக்கறதில்ல. இத்தனை பேருக்குத்தான்னு கோட்டா வெச்சு நடக்கற திட்டமில்ல இது. தகுதி இருக்கற எத்தனை பிள்ளை வந்தாலும் தட்டுக்கு இவ்வளவுன்னு ஃபெடரல் பணம் ஸ்கூலுக்கு வந்துடும், ஃப்ரீ லஞ்ச்னா ஒரு தட்டுக்கு 4 டாலருக்கு மேல. உங்க பிள்ளை சாப்பிட்டதால இன்னொரு பிள்ளைக்குக் குறையாது. சொல்லப்போனா தட்டு கூடக்கூட எங்க கிச்சனுக்குத்தான் நல்லது.

நேர்மையாளன்

சரி, கோட்டா இல்லைன்னு தெரியாது. ஆனாலும் வரிப்பணம்தானே? சட்டம் இடம் கொடுக்குதுங்கறது வேற, நமக்குத் தேவையா இல்லையாங்கறது வேற. சேமிப்பைக் கேக்கவே கேக்காத ஃபார்ம்ல எனக்கு நம்பிக்கை இல்ல.

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

சேமிப்பைக் கேக்காததுதான் இதுல நல்ல விஷயம்னு நான் சொல்வேன். வேலை போனவன் முதல்ல சேமிப்பைக் கரைச்சு, வீட்டை வித்து, அப்புறம் வந்து பிள்ளை சாப்பாட்டுக்கு நில்லுன்னா அதுக்குள்ள பிள்ளை ஹைஸ்கூல் முடிச்சிடும். ஆனா நீங்க சொன்ன கோயம்புத்தூர் ஃபிளாட்ல ஒரு பாயிண்ட் இருக்கு. சொத்து கணக்குல வராது, அதுலேர்ந்து வாடகை வந்தா அது வருமானம், எழுதணும். ஊர் பேங்க்ல இருக்கற எஃப்டி வட்டியும் அப்படித்தான். "இந்தியப் பணம் இவங்களுக்கு எங்க தெரியப்போவுது"ன்னு விடாதீங்க. கடைசியில கையெழுத்துப் போடற இடத்துல, எல்லா வருமானத்தையும் எழுதியிருக்கேன்னு உறுதி கொடுத்துத்தான் போடறோம்.

வரிப்பணம்னா, புதினா குடும்பமும் இத்தனை வருஷம் கட்டின வரிதான்.

ஆஸ்டின்_தயிர்சாதம்

நாங்க ரெண்டு பேருமே சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவங்க. வீட்டுக்காரம்மா விருதுநகர் பக்கம், நான் செய்யாறு பக்கம். 1982ல எம்ஜிஆர் தொடங்கினதுக்கு அப்புறம் ஸ்கூல்ல தட்டு எடுத்துட்டுப் போய் உக்காந்தா சோறு. அப்பா என்ன சம்பாதிக்கறார்னு எந்த டீச்சரும் கேக்கல. அரசுப் பள்ளில படிக்கறியா, உக்காரு, அவ்வளவுதான். இந்த ஊர்ல 1946லயே சட்டம் போட்டு லஞ்ச் திட்டம் தொடங்கிட்டான், ஆனா இன்னைக்கும் பெரும்பாலான ஸ்டேட்ல படிவம் போட்டு நிரூபின்னு நிக்கறான். உறுத்தறதுன்னா எனக்கு அதுதான் உறுத்துது.

பே ஏரியா மாமா

எங்க கலிஃபோர்னியாவுல 2022-23லேர்ந்து எல்லாப் பிள்ளைக்கும் ஃப்ரீ, கேள்வியே கிடையாது. மெய்ன், கொலராடோ, மினசோட்டா, நியூ மெக்சிகோ, வெர்மான்ட், மிச்சிகன், மாசசூசெட்ஸும் வந்தாச்சு. 2025-26லேர்ந்து நியூயார்க். டெக்சாஸ் இன்னும் வரல. ஆனா ஃப்ரீ ஸ்டேட்ல இருக்கறவங்களும் கவனிங்க: சாப்பாட்டுக்கு ஃபார்ம் வேண்டாம், இருந்தாலும் ஸ்கூல் ஒரு வருமானப் படிவம் அனுப்பும். எத்தனை பிள்ளை குறைஞ்ச வருமானக் குடும்பம்னு பாத்துத்தான் ஸ்டேட் கூடுதல் நிதி கொடுக்குது. நம்ம வீட்டுல அதைக் குப்பையில போட்டுடறோம்.

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

எங்க ஸ்டேட்டும் அரைவாசி வந்திருக்கு மாமா. இங்க ஃப்ரீ வரம்பையே 224 சதவீதமா ஏத்திட்டாங்க, நாலு பேருக்கு 72,000 டாலர் சொச்சம். எடிசன் பக்கம் ஒரே சம்பளத்துல ஓட்டற குடும்பம் நிறைய இதுக்குள்ள வரும். ஃபெடரல் அட்டவணையை மட்டும் பாத்துட்டு நமக்கில்லைன்னு விட்டுடறாங்க.

கேஃபடீரியா அக்கா (இல்லினாய்)

புதினா, டெக்சாஸ்லயும் ஒரு விஷயம் பாருங்க. ஏழைப் பிள்ளைங்க அதிகமா இருக்கற ஸ்கூல்னா ஸ்கூல் முழுக்க ஃப்ரீன்னு அறிவிக்க வழி இருக்கு. சிஇபின்னு சொல்வாங்க. முன்ன 40 சதவீதப் பிள்ளைங்க ஸ்நாப் (சாப்பாட்டுச் செலவுக்கு அரசு கொடுக்கற உதவி) மாதிரி உதவில இருந்தாத்தான், 2023லேர்ந்து 25 சதவீதம் இருந்தாலே போதும்னு ஆக்கிட்டாங்க. அப்படிப்பட்ட ஸ்கூல்ல அப்ளிகேஷனே வாங்க மாட்டாங்க. உங்களுக்கு மெயில் வந்திருக்கறதால உங்க ஸ்கூல் அதுல இல்ல போல.

இப்ப பையனுக்குப் பதில். அவன் கேட்டதுதான் எனக்கு மனசுல நின்னுது.

எங்க ஸ்கூல்ல எப்படின்னு சொல்றேன். பிள்ளை தட்டை நிரப்பிட்டு வரும், கேஷியர்கிட்ட ஒரு சின்ன கீபேட், அதுல தன்னோட பின் நம்பரைத் தட்டும். முழு விலை கட்டற பிள்ளையும் அதே கீபேட், அதே நம்பர், அதே தட்டு. யார் ஃப்ரீ, யார் ரெட்யூஸ்டுன்னு வெளிய தெரியற மாதிரி தனி வரிசை, வேற கலர் டிக்கெட், தனி மேசை எதுவும் வைக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. ஸ்கிரீன் கேஷியர் பக்கம் திரும்பியிருக்கும். டீச்சருக்கும் லிஸ்ட் போகாது.

ஆனா பையன் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு, அதை இப்பவே சொல்லி வெச்சிடுங்க. சலுகை தட்டுக்கு மட்டும்தான். சிப்ஸ், குக்கி, ரெண்டாவது பீட்சா எடுத்தா முழுக்காசு. வீட்டுலேர்ந்து சாப்பாடு கொண்டுவந்துட்டு பால் மட்டும் எடுத்தாலும் காசு. நம்ம பிள்ளைங்க டிஃபன் பாக்ஸ்ல எலுமிச்சை சாதம் கொண்டுவந்துட்டு ஒரு சாக்லேட் மில்க் மட்டும் எடுத்துட்டுப் போகும், மாசக் கடைசில மைனஸ் பேலன்ஸ்னு மெயில் வரும், "ஃப்ரீன்னு சொன்னீங்களே"ன்னு அம்மா சண்டைக்கு வருவாங்க. தட்டுன்னா அஞ்சு வகைல குறைஞ்சது மூணு எடுக்கணும்: புரதம், தானியம், காய், பழம், பால். அதுல ஒண்ணு கட்டாயம் பழமோ காயோ அரை கப். மூணு எடுத்துட்டா அது முழுச் சாப்பாடு, எடுக்கலைன்னா தனித்தனி விலை.

ஆஸ்டின்_தயிர்சாதம்

அக்கா, எங்க வீட்டுல சுத்த சைவம். அந்தப் புரதத்துக்கு என்ன பண்றது? திங்கள் சிக்கன் நக்கெட், செவ்வாய் பீஃப் டாக்கோன்னுதான் மெனுவுல போடறான்.

கேஃபடீரியா அக்கா (இல்லினாய்)

புரதத்துக்கு இறைச்சிதான்னு இல்ல தம்பி. பீன்ஸ், சீஸ், தயிர், பீனட் பட்டர், டோஃபு எல்லாமே அதுக்குக் கணக்கு. எங்க ஸ்கூல்ல தினமும் ஒரு சைவ ஐட்டம் வெக்கறோம், பெரும்பாலும் சீஸ் பீட்சா இல்ல பீன் புரிட்டோ. பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா பழம், காய், தானியம்னு மூணு எடுத்தாலும் கணக்குச் சரிதான். பீஃப் வேண்டாங்கறது மத விருப்பம், ஸ்கூல் செய்யலாம், ஆனா கட்டாயமில்ல. அதனால மேனேஜர்கிட்ட நயமாக் கேளுங்க. வேர்க்கடலை அலர்ஜி மாதிரி உடம்புச் சமாச்சாரம்னா டாக்டர் எழுதிக் கொடுத்தா மாத்துச் சாப்பாடு கொடுத்தே ஆகணும். நம்ம பருப்பு ரசத்துக்கு இது ஈடாகாது, அதை ஒத்துக்கறேன்.

வன்னியான் (மேரிலாந்து)

வணக்கம். நாங்கள் அசைலம் (அரசியல் தஞ்சம்) கிடைச்சு இருக்கிற குடும்பம், கிரீன் காட் இன்னும் வரேல்லை. எங்களுக்கு ஸ்நாப் இருந்தபடியால் பிள்ளையளுக்கு ஸ்கூல் சாப்பாடு தானாகவே வந்தது, ஒரு ஃபோமும் நிரப்பேல்லை. இப்ப 2025 ஜூலையில வந்த புதுச் சட்டத்தால அசைலம் ஆக்களுக்கு ஸ்நாப் இல்லையெண்டு சொல்லினம், அடுத்த புதுப்பிப்போட நிக்குமாம். அப்ப பிள்ளையளின்ர சாப்பாடும் நிக்குமோ? மூத்தவை ரெண்டு பேரும் ஊரில பிறந்தவை, கடைசி இங்க பிறந்தவ.

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

ஐயா, பயப்படாதீங்க. இந்தக் கல்வியாண்டுக்கு ஸ்நாப் மூலமா ஏற்கெனவே பதிவாயிருந்தா, ஸ்நாப் நடுவுல நின்னாலும் சாப்பாடு வருஷம் முடியற வரைக்கும் நிக்காது.

உங்க கடைசிப் பொண்ணு இங்க பிறந்தவ, அதனால அமெரிக்கக் குடிமகள். அவளுக்கு ஸ்நாப் உரிமை அந்தச் சட்டத்தால போகல. வீட்டுல ஒருத்தருக்கு ஸ்நாப் இருந்தாலே அந்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஸ்கூல் சாப்பாடு ஃப்ரீ. அதனால புதுப்பிக்கற சமயத்துல "எங்களுக்கில்லையாம்"னு கேஸை மொத்தமா மூடிடாதீங்க, பாப்பா பேர்ல தொடருங்க. அதுவும் இல்லாமப் போனா, அடுத்த வருஷம் வருமான ஃபார்ம் இருக்கவே இருக்கு. அதுல குடியுரிமையையோ விசாவையோ கேக்கற கட்டமே கிடையாது.

வன்னியான் (மேரிலாந்து)

பெரிய உபகாரம் அண்ணை. கேஸை மூடச் சொல்லித்தான் ஒரு ஆள் எனக்குச் சொன்னவர்.

புதினாத்துவையல்

அண்ணா, அதே விசா கேள்விதான் எனக்கும். பப்ளிக் சார்ஜ்னு சொல்றாங்களே, கவர்மென்ட் உதவியை நம்பி வாழறவங்கன்னு கிரீன் கார்டை மறுக்கறது.

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

நான் வக்கீல் இல்ல, தெரிஞ்சதைச் சொல்றேன். 1996ல வெல்ஃபேர் சட்டத்தையே கடுமையாக்கினாங்களே, அந்தச் சட்டத்துக்குள்ளயே ஒரு பிரிவு இருக்கு: இலவசப் பொதுக்கல்விக்கு உரிமையுள்ள பிள்ளைக்கு, குடியுரிமையைக் காரணம் காட்டி ஸ்கூல் லஞ்ச், பிரேக்ஃபாஸ்ட் மறுக்கக் கூடாது. பப்ளிக் சார்ஜ் விதிகள்ல எல்லாரையும் நடுங்க வெச்சது 2019ல வந்தது. ஸ்நாப், மெடிக்கெய்ட் (அரசு மருத்துவ உதவி) எல்லாம் சேர்த்தாங்க, அதுலகூட ஸ்கூல் லஞ்சைச் சேர்க்கல. 2022 விதியிலயும் இல்ல. மனசு கேக்கலைன்னா ஐ-485 போட்ட வக்கீலுக்கு ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டுட்டு ஃபார்மை அனுப்புங்க. தோழி சொன்னதை வெச்சு முடிவெடுக்காதீங்க.

சோஷியல் செக்யூரிட்டில கடைசி நாலு நம்பர் கேப்பாங்க, கையெழுத்துப் போடற ஒருத்தரோடது போதும். நம்பரே இல்லாதவங்களுக்கு "இல்லை"ன்னு டிக் பண்ண ஒரு கட்டம் இருக்கு, அதனால அப்ளிகேஷன் தள்ளுபடி ஆகாது. இனம் பத்திக் கேக்கறதை நிரப்பாமலும் விடலாம்.

ஸ்டூடண்ட்_மனைவி

எங்க மாமியார் கிரீன் கார்டுல எங்ககூடவே இருக்காங்க, ஊர்லேர்ந்து பென்ஷன் வருது. அவங்களையும் எழுதணுமா?

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

ஒரே வீட்டுல ஒரே உலையா இருந்தா எழுதணும். தலைக்கணக்குல ஒண்ணு கூடும், வரம்பும் கூடும்: அஞ்சு பேருக்கு ஃப்ரீ 48,945, ரெட்யூஸ்டு 69,653. ஊர்லேர்ந்து வர்ற பென்ஷனை டாலராக்கி வருமானத்துல சேருங்க. பெரும்பாலும் லாபம்தான்.

மதுரைவீரன்_சிகாகோ

ஒரு எச்சரிக்கை. எங்களுக்கு அக்டோபர் கடைசியில வெரிஃபிகேஷன்னு ஒரு லெட்டர் வந்துது, விளம்பரம்னு நெனச்சு வீட்டம்மா தூக்கிப் போடப் பாத்தாங்க. அப்ரூவ் ஆன அப்ளிகேஷன்ல கொஞ்சத்தை எடுத்து பே ஸ்டப் கேப்பாங்க, நவம்பர் 15க்குள்ள முடிக்கணும்னு அவங்களுக்கு விதி. வரம்புக்கு ஒட்டி வருமானம் இருக்கறவங்களைத்தான் முதல்ல இழுப்பாங்க. பதில் அனுப்பலைன்னா தகுதி இருந்தாலும் நிறுத்திடுவாங்க. க்ராஸ் எழுதியிருந்ததால பே ஸ்டப்பை ஃபோன்ல படம் எடுத்து அனுப்பினோம், சலுகை அப்படியே தொடருது.

கேஃபடீரியா அக்கா (இல்லினாய்)

நல்ல நேரத்துல சொன்னீங்க. கூடவே இன்னொண்ணு: ஃபார்ம் கைக்கு வந்த பத்து வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். அதுவரைக்கும் முழு விலைதான் விழும், அப்ரூவ் ஆனாலும் பழைய பாக்கி தானா அழியாது. அந்த ரெண்டு வாரம் வீட்டுலேர்ந்து கட்டிக் கொடுத்துடுங்க.

ஹைஸ்கூல் பிள்ளை வெச்சிருக்கறவங்களுக்கு: ஃப்ரீயோ ரெட்யூஸ்டோ தகுதி இருந்தா பதினொண்ணு, பன்னெண்டாம் கிளாஸ்ல எஸ்ஏடி (காலேஜ் சேர எழுதற தேர்வு) ஃபீஸ் தள்ளுபடி, ஏபி (காலேஜ் தரப் பாடம்) பரீட்சைக் கட்டணத்துல சலுகை. கவுன்சிலர்கிட்ட நீங்கதான் கேக்கணும், அவங்களாத் தேடி வர மாட்டாங்க.

நேர்மையாளன்

எஸ்ஏடி விஷயம் தெரியாது. எங்க அக்கா குடும்பம் ஹூஸ்டன்ல இருக்கு, மச்சானுக்கும் இப்ப வேலை இல்ல, பொண்ணு பதினொண்ணாவது. இந்த இழையை அனுப்பி வெக்கறேன். என் கருத்து மாறல, நல்ல சேமிப்பு இருக்கறவங்க யோசிக்கணும்னுதான் இன்னும் சொல்வேன். அக்கா கேஸ் அப்படி இல்ல.

ரோமிங்_ராமசாமி

நம்ம அக்கா கேஸ்னா எப்பவுமே வேறதான் சார் :)

மட்டுறுத்துநர்

ராமசாமி, போதும்.

புதினாத்துவையல்

அப்டேட். ஆன்லைன்லயே போட்டாச்சு, ரெண்டு பிள்ளைக்கும் ஒரே அப்ளிகேஷன். வக்கீலும் "இதனால பிரச்சினை இல்ல"ன்னு பதில் போட்டாங்க. ரெட்யூஸ்டுன்னு மெயில் வந்திடுச்சு, கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னது அப்படியே. அன்எம்ப்ளாய்மென்ட் பிப்ரவரில முடியும், அப்ப திரும்பப் போடறேன். பெரியவன்கிட்ட கீபேட் கதையைச் சொன்னேன். "அதான் எல்லாரும் தட்டறோமே, இதுக்கா இவ்வளவு யோசிச்சீங்க"ன்னு என்னையே திருப்பிக் கேக்கறான்.

ஸ்டூடண்ட்_மனைவி

ஒரே ஒரு சந்தேகம். எனக்கு ஒரு பிள்ளை டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல், இன்னொண்ணு சார்ட்டர். ஒரே ஃபார்ம் போதுமா?

கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

ஒரே டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ள எத்தனை ஸ்கூலா இருந்தாலும் ஒண்ணு போதும். சார்ட்டர் பெரும்பாலும் தனி நிர்வாகம், அங்க தனியா ஒண்ணு போடணும். ரெண்டுலயும் வீட்டுல இருக்கற எல்லாரையும் எழுதுங்க, வருமானத்தையும் ஒரே மாதிரி எழுதுங்க.